மொகத்தக் காட்டு சாமி

இளம்பிள்ளையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா யாரோடு பேசினாலும் முதலில் அவர்களுடைய தாடையைப் பிடித்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பாள். நான் கல்யாணமாகி அந்தத் தெருவில் வந்து இறங்கிய அன்றைக்கே எனக்கு அது நடந்தது. ஆரத்தித் தட்டோடு நின்றவர்களை விலக்கிக்கொண்டு வந்தாள். குனிந்திருந்த என் தாடையை நிமிர்த்தி, "மொகத்தக் காட்டு சாமி. குனிஞ்சுட்டே நின்னா நீ பேசறது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

நான் பேசவே இல்லை. பட்டுச் சேலையும் வியர்வையுமாக, எப்போது உள்ளே விடுவார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி வந்த உடனே தாடையைப் பிடிக்கிறாளே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் கொஞ்சம் சிடுசிடுப்புக்காரி. அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அது அப்படித்தான். ரேடியோ அக்கா" என்றார்.

தெருவுக்கே அவள் ரேடியோதான். பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு ஒரு வார்த்தை பேசக்கூட இடம் கிடைக்காது. கேள்வியும் அவளே கேட்பாள், பதிலும் அவளே சொல்லுவாள். "சாப்ட்டியா? சாப்ட்டிருப்ப, மணி ரெண்டாச்சே. என்ன கொழம்பு? தட்டப்பயிறாத்தான் இருக்கும், காலையில உரிச்சிட்டிருந்தியே. உங்க அம்மா வாரேன்னாங்களே, வரலயா? எங்க வாரது, அங்க கோயில் பண்டிக சாட்டியிருப்பாங்க, ஊரத் தாண்டக் கூடாதே." முக்கால்வாசி சரியாகவே இருக்கும். மீதிக் கால்வாசியை நாம் திருத்தப் பார்ப்பதற்குள் அடுத்த சேதிக்குப் போயிருப்பாள். என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னவர், பெரியவர், பால்காரர், கேபிள்காரர் எல்லாருமே அவளுக்குச் சாமிதான். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் அதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

அவர்கள் வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. நாலு விசைத்தறி. அக்காவும் அவள் வீட்டுக்காரரும்தான் ஓட்டினார்கள். தறி ஓடும்போது உள்ளே போனால் நம்முடைய குரல் நமக்கே கேட்காது. அதனால் அங்கே யாரும் தொண்டையை வீணாக்குவதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள், மீதியைக் கையால் முடித்துவிடுவார்கள். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. இரண்டு விரலைச் சேர்த்துச் சட்டென்று பிரித்தால் இழை அறுந்திருக்கிறது. மூக்கின் நுனியைத் தொட்டால் ஊரில் ஒருத்தருக்கு வைத்த பட்டப்பெயர், அதை இங்கே சொன்னால் வம்பு. சேலைக்குக் குஞ்சம் கட்டும் வேலையை நான் எடுத்துச் செய்ததால் அந்தப் பட்டறை வாசலில்தான் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பேன். அங்கே அக்காவை ஜெயிக்க ஆள் கிடையாது. நாலாவது தறியில் நிற்பவர் முணுமுணுப்பதை முதல் தறியில் இருந்துகொண்டே பிடித்துவிடுவாள்.

ஆனால் கரண்ட் போனால் அவளுக்கு ஆகாது. மாசத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். ஊரே கப்பென்று அமைதியாகிவிடும். தெருவில் அது ஒரு சின்னத் திருவிழா. எல்லாரும் வாசலுக்கு வந்து, சாதாரணக் குரலில் பேசுகிற சுகத்துக்காகவே பேசுவார்கள். அக்கா மட்டும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். "கரண்ட் போனா ரேடியோவும் நின்னுருது பாரு" என்று கேலி செய்வோம். எனக்கும் அது நல்ல கேலியாகத்தான் பட்டது.

அவள் வீட்டில் பால் தீயும் வாசனை முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். நான் சுவரைத் தாண்டிக் கூச்சல் போடுவேன். அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். மூக்கில் சதை வளர்ந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். மறுபடி வளர்ந்து மறுபடியும் செய்தார்கள். வாசனை திரும்ப வரவே இல்லை. இளைப்பும் உண்டு. வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தை இடுப்பில் செருகியிருப்பாள். மூச்சு இழுக்கும்போது மட்டும் எடுப்பாள், மற்ற நேரத்தில் அது சாவிக்கொத்து மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டால் அன்றைக்கு நிச்சயம் இளைக்கும்.

காதிலும் எப்போதும் பஞ்சு. காதுக்குள்ளே யாரோ விரலை வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்பாள். பஞ்சை எடுத்தால் அதோடு மஞ்சளாக ஒன்று இழுபட்டுக்கொண்டு வரும். சாதாரணச் சீழ் மாதிரி ஒழுகாது. பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி காய்ந்து பிசின் பிடித்த மாதிரி இருக்கும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டார்கள், மெடிக்கல் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டார்கள். ஒரு டாக்டரிடமும் போனார்கள். "தறி ஓட்டறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் எந்த உபாதைக்கும் தறியிடம்தான் காரணம் இருக்கும். மூச்சு இழுத்தால் பஞ்சுத் தூசி. காது மந்தமானால் தறிச் சத்தம். முட்டி வலித்தால் நின்றுகொண்டே ஓட்டியது. அக்கா வீட்டுக்காரர் நல்ல மனுஷர், சண்டை சச்சரவு தெரியாதவர். "தறிக்காரன் ஊட்டுல இதெல்லாம் இருக்கறதுதானுங்களே" என்பார். எல்லார் வீட்டிலும் குங்குமச் சிமிழ் இருப்பதைச் சொல்கிற மாதிரி சொல்வார். தூசியும் சத்தமும் அங்கே நிஜமாகவே இருந்ததால் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இப்போது நான் சொல்லப்போவது என் கதை. ஆனால் அதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

எனக்கு முதல் பிரசவம் ஏழாம் மாசத்திலேயே ஆகி, குழந்தை தங்கவில்லை. அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் அடுத்ததும் தங்காது என்று ஒரு பயம் எங்கள் பக்கத்தில் உண்டு. கருணையோடுதான் பேசாமல் இருந்தார்கள், அது எனக்குப் புரிந்தது. இருந்தாலும் உள்ளேயே வைத்திருக்க முடியவில்லை. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். ஊரிலேயே அதிகம் பேசுகிறவளிடம் சொல்லலாம் என்று தோன்றியது. எதற்கும் அஞ்சாமல் பேசுகிறவள் இதற்கும் அஞ்ச மாட்டாள் என்று நினைத்தேன்.

நான் போன அன்றைக்குக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். அக்கா வழக்கம்போல் படுக்கப் போகவில்லை, பாவில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டு தறியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடி இருந்தாள். அது எனக்கும் வசதியாக இருந்தது. பின்னால் உட்கார்ந்து குஞ்சம் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனதை, கடைசியாக விரல்களை மட்டும் பார்த்ததை, யாரிடமும் சொல்லாமல் நானாக ஒரு பேர் வைத்திருந்ததை. என் கல்யாண வாழ்க்கையிலேயே அக்கா எனக்கு அவ்வளவு நேரம் பேச இடம் கொடுத்தது அன்றைக்குத்தான். நன்றாக அழுதேன்.

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கொஞ்சம் தடுமாறினாள். பிறகு, "ஆமா சாமி, இன்னிக்கி வெக்க அதிகந்தான். உள்ள மோர் இருக்குது, ஊத்திக் குடி" என்றாள்.

குஞ்சத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கினார்கள், இவள் வெக்கையைச் சொல்லி ஒதுக்கினாளே என்று ஆத்திரம். இவ்வளவு பேச்சுக்குப் பின்னால் ஒரு ஈரம்கூட இல்லையே என்று நினைத்தேன். வேலையை என் வீட்டுக்கே எடுத்துவந்து செய்தேன். அவளை வாசலில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டினேன். அவளும் இரண்டு மூன்று தடவை என் தாடையைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டாள்.

அப்புறம் கொரோனா வந்தது. தறிகள் நின்றன, மறுபடி ஓட ஆரம்பித்தபோது எல்லார் வாயிலும் முகக்கவசம். அந்தக் காலத்தில்தான் ரேடியோ அக்கா பேச்சை நிறுத்தினாள். முதலில் குறைத்தாள். பிறகு வாசலுக்கு வருவதே இல்லை. நோய்க்குப் பயந்துவிட்டாள் என்றார்கள். வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் என்றார்கள். தெருவே வெறிச்சென்று இருந்ததால் ஊகங்களுக்குப் பஞ்சமில்லை.

ஒரு நாள் காலையில் கறிவேப்பிலை கேட்கப் போனேன். கோபம் இருந்தாலும் அந்தச் செடி அவள் வீட்டில்தான் இருந்தது. அக்கா முற்றத்தில் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்கக்கா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். வீம்பு பிடிக்கிறாள் என்று நினைத்துக் கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. நான் முகக்கவசத்தோடு மறுபடி கேட்டேன். அவள் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. என் வாய் இருக்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கையை நீட்டி என் முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள்.

"மொகத்தக் காட்டு சாமி."

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. தாடை, கேள்வியும் பதிலும், கரண்ட் போனால் படுப்பது, மோர். முகக்கவசத்தை முழுக்கக் கழற்றிவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"எடது காதுல சுத்தமா ஒண்ணுமில்ல சாமி" என்றாள். "வலதுல ஏதோ தூரத்துல பேசற மாதிரி. எம் பேச்சு மட்டும் எனக்கு உள்ளயே நல்லாக் கேக்குது, பானைக்குள்ள பேசற மாதிரி. அதான் பேசிட்டே இருந்தேன். அடுத்தவங்க பேசறத ஒதட்டப் பாத்து, நேரங்காலம் பாத்து ஊகிச்சுக்கலாம். பேர மட்டும் ஊகிக்க முடியாது. இப்ப வாயையும் மூடிட்டாங்க, நான் என்ன பண்ணுவேன்?"

"சொல்லியிருக்கலாமுங்களே அக்கா."

என் உதட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "செவுடின்னு தெரிஞ்சுட்டா யாரும் எதயும் சொல்ல மாட்டாங்க சாமி. 'அவளுக்கு அப்பறம் சொல்லிக்கலாம்'ம்பாங்க. அந்த அப்பறம் வரவே வராது. எங்க மாமியாளுக்கு அப்படித்தான் ஆச்சு. கலியாணச் சேதியே பந்தலப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கும்."

அவள் பயந்தது அதற்குத்தான். நோய்க்கோ வலிக்கோ பயப்படவில்லை. பேச்சு தன்னைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்று பயந்தாள். வலது காதும் போய்விட்டால் அதுதான் நடக்கும். சேலம் போகலாம் என்றேன். அவள் வீட்டுக்காரருக்கு இதில் நம்பிக்கை இல்லை. "நாங்க இத்தன வருசமா கையிலயும் ஒதட்டுலயுமே குடும்பம் நடத்திட்டமுங்க. எனக்கும்தான் சித்த மந்தமா இருக்குது. தறிக்கு மருந்து ஏதுங்க?" என்றார். இருந்தாலும் கூட வந்தார்.

சேலத்தில் காது மூக்குத் தொண்டைக்கு ஒரு பெண் டாக்டர் இருந்தார். வீட்டுக்காரர் உட்காரும் முன்னாலேயே "தறிச் சத்தமுங்க டாக்டர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். டாக்டர் அக்காவின் காதைப் பூதக்கண்ணாடி மாதிரியான கருவியில் பார்த்தார். உறிஞ்சி எடுக்கும் குழாயை வைத்தார். அந்த மஞ்சள் பிசின் குழாயை அடைத்துக்கொண்டதே தவிர வரவில்லை.

"சத்தத்துல காது மந்தமாகும், வாஸ்தவந்தான். ஆனா சத்தம் காதுக்குள்ள கோந்து ஊத்தாதுங்க" என்றார்.

பிறகு வரிசையாகக் கேட்டார். இளைப்பு உண்டா? சின்ன வயதிலா, பெரியவளான பிறகா? மூக்கில் சதை வளர்ந்ததா? எடுத்த பிறகும் வளர்ந்ததா? வாசனை தெரிகிறதா? வலி மாத்திரை போட்டால் மூச்சு இழுக்கிறதா? டாக்டர் முகக்கவசம் போட்டிருந்ததால் நான் ஜன்னல் ஓரம் தள்ளி நின்று, என்னுடையதை இறக்கி, ஒவ்வொன்றையும் அக்காவுக்கு உதட்டால் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். ஆட்ட ஆட்ட அவள் கண் பெரிதாகிக்கொண்டே போனது. நெஞ்சுக்கு ஒருத்தர், மூக்குக்கு ஒருத்தர், காதுக்கு ஒருத்தர் என்று பார்த்து வந்தவளிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டவர் இவர்தான்.

ரத்தத்தையும் அந்தப் பிசினையும் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் சொன்னார்: "ரத்தத்துல ஈசினோபில்னு ஒரு வெள்ளணு இருக்குதுங்க. உங்களுக்கு அது அளவுக்கு மேல கூட்டம் கூடிருக்கு. நெஞ்சுல போய் உக்காந்தா இளைப்பு. மூக்குல உக்காந்தா சதை. காதுக்குள்ள உக்காந்தா இந்தக் கோந்து. மூணும் ஒரே வியாதிங்க."

"ஈஸ்னோபீலியாங்களா?" என்றார் வீட்டுக்காரர். "அது எங்க தெருவுல எல்லாத்துக்கும் இருக்குதுங்களே."

"இருமல் வந்தா எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இது காது வரைக்கும் வந்துருக்கு. இதுக்குக் கிருமி மருந்தும் சொட்டு மருந்தும் எவ்வளவு விட்டாலும் வேலை செய்யாது. செவிப்பறை வழியா உள்ளயே ஸ்டீராய்டு ஊசி போடணும். விட்டு விட்டு வந்துட்டே இருக்கணும். இளைப்பு மருந்தை இழுக்கறப்ப மட்டும் எடுக்கக் கூடாது, தினமும் எடுக்கணும்." அக்காவின் இடது காதைக் காட்டினார். "இடது பக்கம் உள்காது வரைக்கும் பாதிச்சிருச்சுங்க. அது திரும்பாது. வலதைப் பிடிச்சு நிறுத்தலாம். விட்டுட்டா அதுவும் போயிரும், ஒரே நாள்லகூடப் போகலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். இதையும் நான்தான் சொல்ல வேண்டும். தறிப்பட்டறை வழக்கப்படி குரல் இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். 'எடது போயிருச்சுங்கக்கா. வலதக் காப்பாத்தலாமாமா.' அழாமல் சொல்ல எனக்குப் பெரும் பாடாக இருந்தது. அழுதால் உதடு கோணும், அவளுக்குப் புரியாது.

அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு டாக்டரிடம், "ஒண்ணு போதுமுங்க. அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கறேன்" என்றாள். பக்கத்தில் வீட்டுக்காரர் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஊசிக்குப் போய் வந்தோம். கொஞ்ச நாளைக்கு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். முதலில் திரும்பியது காது இல்லை, மூக்கு. ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்து, அடுப்பில் இருந்த பாத்திரத்துக்கு மேல் குனிந்து, "காப்பித்தூளு! காப்பித்தூளு வாசம் வருது சாமி!" என்று கத்தினாள். என் வீட்டுக்காரர் பயந்து போய்க் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அன்றைக்கு அவள் தெருவில் ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் மோந்து பார்த்து, யார் வீட்டில் என்ன குழம்பு என்று ஊகிக்காமலே சொன்னாள்.

காது மெதுவாகத்தான் வந்தது. முழுதாக வரவில்லை, வராது என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் பால்காரர் மணியடித்தால் திரும்பினாள். தறியில் இழை அறுந்தால் சத்தம் மாறுமே, அதற்காக இவ்வளவு நாளும் தறிச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இப்போது கையை எடுத்துவிட்டாள். தெருவுக்கும் சொல்லிவிட்டாள். "வலதுல வந்து பேசுங்க, எடதுல வந்தா எனக்குச் சேராது" என்று அதையும் ரேடியோவில் அறிவிப்பு மாதிரியே சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு கரண்ட் நிறுத்திய நாள். எல்லாரும் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பட்டறைக்குள் கூப்பிட்டாள். தறியின் முன்னால், அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பின்னால் உட்காரச் சொன்னாள். தாடையைப் பிடிக்கவில்லை. வலது காதில் இருந்த பஞ்சை எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஒரு நாள் இங்க உக்காந்து நீ என்னமோ சொன்ன சாமி. நான் திரும்பறப்ப உங்கண்ணு செவந்து கெடந்துச்சு. என்னன்னு கேட்டா, 'இத்தன நேரம் சொன்னனே, கேக்கலயா'ம்பியேன்னு பயம். வெக்கன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன். நீ எந்திரிச்சுப் போனதும், பெரிய சேதிய உட்டுட்டம்னு தெரிஞ்சுது. அன்னைலிருந்து அதே வெசனம். இப்பச் சொல்லு. நான் திரும்ப மாட்டேன்."

சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. துணியில் சுற்றி எடுத்துப் போனதை, விரல்களை, பேர் வைத்திருந்ததை. இரண்டாவது தடவை சொல்லும்போது அழுகை வேறு மாதிரி வந்தது. அக்கா நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தலையைச் சாய்த்து வலது காதை என் பக்கமாக வைத்திருந்தாள்.

பிறகு கேட்டாள். "பேரு வெச்சிருந்தன்னியே சாமி. என்ன பேரு?"

அவ்வளவு நாளில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. மெதுவாகத்தான் சொன்னேன், ஒரே தடவை.

அக்கா திரும்பாமலே அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தாள். சரியாகச் சொன்னாள்.